கை கால் நன்றாகத்தானே இருக்கின்றன, தலைக்காயத்துக்குப் பிசியோதெரபி எதற்கு?

கேள்வி கேட்ட சகோதரிக்கு வணக்கம். சாலை விபத்தில் தலையில் அடிபட்ட உங்கள் கணவர் இரண்டு மாதம் கழித்து வீடு திரும்பியிருக்கிறார் என்றும், எலும்பு முறிவு எதுவும் இல்லாத ஒருவரை வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்வது அவரை வீணாக வருத்துவதாகாதா என்றும், எத்தனை காலம் இதைத் தொடர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ‘வருத்துவது’ என்ற உங்கள் சொல்தான் என்னை எழுத வைத்தது. பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டிலும் அதே சொல்லைத்தான் சொன்னோம். அதன் பலனாக என் தம்பியின் இடது குதிகால் ஏறக்குறைய நான்கு மாதம் தரையைத் தொடவே இல்லை.

நான் மருத்துவர் அல்ல. அவனுக்கு அக்கா, அவ்வளவுதான். ஒருவர் காயம் போல மற்றவர் காயம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இங்கே நான் சொல்வதை உங்கள் கணவரின் சிகிச்சையாளரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2018ஆம் ஆண்டு, பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் பினாங்கு பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது பிறை ஊர்ப் பக்கத்தில் என் தம்பிக்கு விபத்து நேர்ந்தது. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. மருத்துவமனையில் சேர்த்தபோது கிளாஸ்கோ மயக்க அளவுகோலில் 6 என்று எழுதினார்கள். முழு நினைவோடு இருப்பவருக்கு 15, அடிமட்டம் 3, எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம் என்பது கணக்கு. மூளை வீங்குவதற்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் வலப்பக்கத்து எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு பிசியோ வந்து, நினைவே இல்லாமல் கிடந்தவனின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டாக மெதுவாக அசைத்தார். கண் திறக்காத பிள்ளைக்கு உடற்பயிற்சியா என்று கேட்பது போல அம்மா என்னைப் பார்த்தார்.

உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருந்தது. எங்களுக்கு அன்று விளங்கவில்லை. காலில் குறை எதுவும் இல்லைதான், ஆனால் காலை ஆளும் இடம் காயப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் கட்டுப்பாடு குறையும்போது தசைகள் தாமாகவே இறுகுகின்றன. கெண்டைக்கால் தசை முன்கால் தசையைவிடப் பலமானது என்பதால் அது வென்று, பாதத்தைக் கீழ்நோக்கி இழுத்துவிடுகிறது. போர்வையின் பாரமும் அதற்குத் துணை போகிறது. சில வாரங்கள் அப்படியே விட்டால் தசையே குறுகிப்போகும்; பிறகு மூளை தேறி ‘நட’ என்று கட்டளையிட்டாலும் குதிகால் கீழே இறங்காது.

இதைத் தடுக்கத்தான் பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தும் ஓர் அணைகட்டையை (ஸ்ப்ளிண்ட்) அவனுக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் போட வேண்டும், பிறகு கழற்றித் தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடியும் போட வேண்டும். வார்டுக்கு மாற்றிய பிறகு அந்தப் பொறுப்பில் பாதி எங்களிடம் வந்தது. அதைப் போடும்போதெல்லாம் அவன் முகம் சுளித்தான். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. “பிள்ளை ஏற்கெனவே பட்டது போதாதா, கழற்றிடும்மா” என்றார். நானும் கழற்றி, தாதியர் வரும் நேரத்துக்கு மட்டும் மாட்டிவிட்டேன். அந்தக் கட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய கை என்னுடையது.

அதனால் கீழே இறங்காமல் போன குதிகாலைச் சரிசெய்ய மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. எட்டும் தூரத்துக்குப் பாதத்தை மேலே தள்ளிப் பிடித்து முழங்காலுக்குக் கீழே கட்டுப் போடுவார்கள். ஒரு வாரம் கழித்து வெட்டி எடுத்து, தசை நீண்டுகொடுத்த அளவுக்கு இன்னும் சில பாகை தள்ளி மறுபடியும் கட்டுவார்கள். அவனுக்கு ஐந்து கட்டுகள் ஆயின. அவற்றோடு தசை இறுக்கத்தைத் தணிக்கும் பேக்லோஃபென் மாத்திரை, பிறகு கெண்டைக்காலில் போட்யூலினம் ஊசி. ஐந்தாவது கட்டை வெட்டிய அன்று பிசியோ அவன் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். காகிதம் வரவில்லை, குதிகால் அதை அழுத்திப் பிடித்திருந்தது. என் வாழ்நாளில் ஒரு காகிதத்துண்டுக்காக அழுதது அன்றுதான்.

நினைவு திரும்புவதும் திரைப்படத்தில் காட்டுவது போல் ஒரே நாளில் நடப்பதில்லை. கண் திறந்த பிறகு சில வாரங்கள் அவனுக்கு நாள், இடம், ஆள் எதுவும் பிடிபடவில்லை. கத்தினான், உதைத்தான், பிசியோவின் கையைக் கடிக்கவும் போனான். குணம் கெட்டுவிட்டது என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அது மூளை தேறும் வழியில் வரும் ஒரு கட்டம் என்பதைப் பிசியோதான் எங்களுக்கு விளக்கினார். அவர் ஒரு மலாய்ப் பெண்மணி. அவன் பதற்றத்தைப் பார்த்துச் சிகிச்சையை நிறுத்திவிடாமல், நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தார்; தொலைக்காட்சியை அணைக்கச் செய்தார்; கட்டிலருகே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும் என்றார். அவன் மலாய்க் கட்டளைகளுக்குத் திரும்பிப் பார்க்காததைக் கவனித்து, என்னிடம் கேட்டு ‘எழு’, ‘உட்காரு’, ‘காலை ஊன்று’, ‘மெதுவா’ என்ற சொற்களை மலாய் எழுத்தில் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அவர் ‘மெதுவா, தம்பி’ என்று சொன்னபோது, உதைக்கத் தூக்கிய கால் பாதியில் நின்றது. தமிழ் தெரியாத ஒருவர் எங்களுக்காக இவ்வளவு முயன்றிருக்கிறார். அதனால்தான், பிசியோ என்றால் கையைக் காலை ஆட்டிவிடுபவர் என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

அடுத்த படி சாய்மேசை. மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை கட்டி, மேசையோடு சேர்த்து ஆளைச் சிறிது சிறிதாக நிமிர்த்துவார்கள். ஒவ்வொரு நிலையிலும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பல வாரம் படுத்துக் கிடந்தவரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். அதன்பின் கட்டில் ஓரத்தில் பிடிமானமின்றி உட்காருவது, பிறகு நிற்பது. எடுத்த எலும்பை மறுபடியும் வைக்கும்வரை, படுக்கையை விட்டு எழும்போதெல்லாம் அவன் தலைக்கவசம் அணிந்திருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வாரம் இருமுறை என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் அவர் உங்களோடுதான் இருக்கிறார். மூளையில் புதிய வழி பிறப்பது ஒரே செயலைப் பலநூறு முறை செய்வதால்தான். எங்கள் சமையலறை நாற்காலியில் இரண்டு மெத்தைகளை அடுக்கி, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்கினோம். காலையில் பத்து, மாலையில் பத்து. எளிதானதும் ஒரு மெத்தையை எடுத்தோம், பிறகு மற்றதையும். மூளையின் வலப்பக்கம் அடிபட்டதால் இடப்பக்கம் ஓர் உலகம் இருப்பதையே அவன் மறந்திருந்தான். தட்டில் இடப்பாதிச் சோறு அப்படியே மிஞ்சும். ஆகவே தண்ணீர்க் குவளையை இடப்பக்கம் வைத்து அவனையே தேடி எடுக்கச் சொன்னோம். தாகத்தோடு அவன் வலப்பக்கமாகத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எளிதல்ல, சகோதரி. ஆனால் நாம் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு குவளையும் அவர் இழக்கும் ஒரு பயிற்சி.

நடக்க வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அவன் நின்றுவிடுவான். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியவில்லை. எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர் என்பதால் நிலையங்களின் பெயர் அவனுக்குப் பாடம். நடந்துகொண்டே பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே சொல்லிக்கொண்டு போகச் சொன்னார் பிசியோ. முதல் வாரங்களில் புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டியதும் கால் நின்றுவிடும். சில மாதங்களில் நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் என்று தைப்பிங் வரை நிற்காமல் நடந்தான். 2019இல் ஃபெர்ரி ஏறி அவனை ஜார்ஜ்டவுன் லெபோ பாசாருக்கு அழைத்துப் போனேன். அங்கே கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஓர் உயரம். ஒரு படி ஏற வேண்டும், அரைப் படி இறங்க வேண்டும், நடுவில் பூக்கூடை, எதிரே ஆள். மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நன்றாக நடந்தவன் அங்கே முதல் ஐந்து கடையைக் கடக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அதன்பின் ஞாயிறுதோறும் போனோம்.

இனி நான் சொல்லப் போவதற்குச் சிலர் கோபப்படலாம். இடது முழங்கை மடங்கிய நிலையிலேயே இறுகியிருந்தபோது, மாமா ஒருவர் உருவி விடுபவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் பலம் போட்டு நீட்டினார், தம்பி அலறினான். சில வாரங்களில் மூட்டு வீங்கிச் சூடேறியது. மூட்டைச் சுற்றி எலும்பு வளரத் தொடங்கியிருப்பதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மூளைக்காயம் பட்டவர்களுக்கு இது தானாகவும் வரக்கூடியது. அதனால் அவர் உருவியதால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உருவும் தொழிலையும் நான் பழிக்கவில்லை. தசைப்பிடிப்புக்கு எங்கள் பாட்டியே போய் வந்திருக்கிறார். ஆனால் இறுகிய மூட்டை வலிக்க வலிக்க இழுக்கக் கூடாது, பலமிழந்த கையைப் பிடித்து ஆளைத் தூக்கக் கூடாது என்று பிசியோ முன்பே எச்சரித்திருந்தார். அந்த முழங்கை இன்றும் முழுதாக நீளவில்லை.

உங்கள் கணவருக்கு வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நேர்ந்திருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் உடனே விசாரியுங்கள். வேலைப் பயண விபத்து அதில் அடங்கும், மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் வழி உண்டு. மலாக்காவில் 2014இல் இதற்கென்றே ஒரு பெரிய மையத்தைத் திறந்திருக்கிறார்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும் என்பது விதி. என் தம்பி வேலை செய்த நிறுவனம் அதற்கான படிவத்தில் கையெழுத்திட ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. சிகிச்சைக்கு ஒவ்வொரு வாரமும் விலைமதிப்பற்றதாக இருந்த காலத்தில் நான் அந்த அலுவலகத்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். முதல் ஆறு மாதத்தில் வேகமான முன்னேற்றம் தெரியும். இரண்டாண்டு வரை நன்றாகவே தொடரும். அதற்குப் பிறகும் மெதுவாக நடக்கும். இரண்டாண்டோடு கதவு அடைபட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் தம்பி படிக்கட்டில் கைப்பிடி இல்லாமல் இறங்கியது மூன்றாவது ஆண்டில். இருபது நிமிடப் பயிற்சிக்குப் பின் உங்கள் கணவர் துவண்டு படுத்தால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். காயப்பட்ட மூளை விரைவில் களைத்துவிடும். பயிற்சியைக் காலையில் வைத்து, பிறகு இருட்டான அறையில் ஓய்வு கொடுங்கள். படுக்கையில் புரளும்போது வீடு சுற்றுகிறது என்றால் அதையும் பிசியோவிடம் சொல்லுங்கள். அடிபட்டதில் உள்காதின் நுண்துகள்கள் இடம் மாறியிருக்கலாம், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறையில் அது பெரும்பாலும் சரியாகிவிடும். என் தம்பிக்கு இரண்டே அமர்வில் நின்றது.

இன்றிரவு உங்கள் கணவர் மல்லாந்து தூங்கும்போது போர்வையை விலக்கி, கட்டிலின் காலடியில் நின்று இரு பாதங்களையும் பாருங்கள். ஒரு பாதத்தின் விரல்கள் மட்டும் மற்றதைவிடக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் நாளைக் காலையே பிசியோவை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.