லென்ஸ்டர் யாரை வளர்க்கிறது? - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தின் மாகாண அணிகளில் ஒன்றான லென்ஸ்டர் ரக்பி அணியைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சொந்த மண்ணின் பையன்களை வளர்த்து ஆடவைக்கும் அணி என்று பாராட்டியிருந்தீர்கள். நான் டப்ளினில் இருக்கிறேன். என் மகனுக்கு 15 வயது. வீட்டுப் பக்கத்து கிளப்பில் ப்ராப் ஆக, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தள்ளித் தாங்குகிறவனாக, ஆடுகிறான். நான் இங்கே பார்ப்பது வேறு. அணியில் பெரும்பாலானோர் கட்டணம் கட்டிப் படிக்கும் சில பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். அது போதாதென்று தென்னாப்பிரிக்காவின் ஆர்.ஜி. ஸ்னைமன், நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட், பிரான்ஸின் ரபா ஸ்லிமானி என்று வெளியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். இதில் வளர்ப்பது எங்கே இருக்கிறது? பையனை அந்தப் பள்ளிகளில் ஒன்றில் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் ரக்பியை மறந்துவிடு என்கிறார் ஒரு நண்பர். உங்கள் கருத்து என்ன?

இப்படிக்கு,
டப்ளின் வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

வெளியாட்களைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பள்ளிகளைப் பற்றிச் சொல்வதை முழுக்க ஏற்கிறேன்.

2009 மே மாதம், டப்ளின் குரோக் பார்க். ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் லென்ஸ்டரும் இன்னொரு அயர்லாந்து மாகாண அணியான மன்ஸ்டரும் மோதின. 82,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். லென்ஸ்டரின் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அர்ஜென்டினாவின் ஃபெலிப்பே கொன்டெபோமி. முதல் பாதியிலேயே அவர் முழங்கால் போனது. அவருக்குப் பதிலாக இறங்கிய 23 வயதுப் பையன் வந்ததும் வராததுமாக ஒரு பெனால்டியை உதைத்துப் புள்ளி எடுத்தான். அவன்தான் பிறகு அயர்லாந்து கேப்டனான ஜானி செக்ஸ்டன். அந்த மாதமே லென்ஸ்டர் முதல்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதற்கு முந்தைய காலமெல்லாம் செக்ஸ்டன் பயிற்சி செய்தது உலகத்தரமான ஓர் ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்றுதான். சுமாரான ஒருவர் முன்னால் இருந்திருந்தால் பையன் சீக்கிரமே அணிக்குள் வந்திருப்பான், ஆனால் அந்த செக்ஸ்டனாக வந்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்தக் கொன்டெபோமியே பிறகு 2018 முதல் 2022 வரை லென்ஸ்டரில் கோச்சாக இருந்தார்.

அதனால் ஒரு வெளிநாட்டவரை எடுத்தார்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது, அவருக்குப் பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதை. பாரெட் 2024 டிசம்பரில் வந்து, 2025 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் புல்ஸ் அணியை வீழ்த்திப் பட்டம் வென்ற கையோடு ஊர் திரும்பிவிட்டார். அரை ஆண்டு இருந்துவிட்டுப் போகிறவர் யாருடைய எதிர்காலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஸ்லிமானி வந்தது 34 வயதில். அவரும் உங்கள் பையனைப்போல ப்ராப். அவர் வந்த அதே சீசனில்தான் டாம் கிளார்க்சன் என்ற லென்ஸ்டர் ப்ராப் அயர்லாந்துக்காக முதல்முறை ஆடினார், கோடையில் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியான லயன்ஸிலிருந்தும் அழைப்பு வந்தது. ஸ்லிமானி அவர் வழியை மறிக்கவில்லை என்பது கண்கூடு. அப்புறம், அயர்லாந்தில் ஒரு மாகாண அணி நினைத்தபடியெல்லாம் வெளியாட்களை அள்ளிப் போட்டுக்கொள்ளவும் முடியாது. தேசிய ரக்பி சங்கத்தின் ஒப்புதல் வேண்டும்.

சரி, பள்ளிகளுக்கு வருகிறேன். கிளார்க்சன் படித்ததும் பிளாக்ராக் கல்லூரி என்ற பள்ளியில்தான். அயர்லாந்தின் முன்னாள் கேப்டன் பிரையன் ஓ'டிரிஸ்கோல் படித்த அதே இடம். 1887-லிருந்து நடக்கும் பள்ளிகள் கோப்பையை மற்ற எந்தப் பள்ளியையும்விட அதிக முறை வென்ற பள்ளி. பிளாக்ராக், செயின்ட் மைக்கேல்ஸ், கிளாங்கோஸ், பெல்வடியர் போன்ற பள்ளிகளில் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு நல்ல கோச், ஜிம், ஆட்ட வீடியோவை அலசிச் சொல்ல ஆள் எல்லாம் கிடைத்துவிடும். அவன் 18 வயதில் லென்ஸ்டரின் பயிற்சி அகாடமி வாசலுக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அந்தப் பாதிக்கான செலவைச் செய்தது லென்ஸ்டர் அல்ல, பெற்றோர். நாம் வாயாரப் புகழும் அந்த 'வளர்ப்பு' இதன்மேல்தான் நிற்கிறது. மாகாணத்தில் 12 கவுன்டிகள் (மாவட்டங்கள்) இருக்கின்றன. வெக்ஸ்ஃபோர்டிலும் கார்லோவிலும் இருக்கும் பையனுக்குக் கிளப்பில் வாரத்தில் சில மணிநேரப் பயிற்சி கிடைத்தாலே பெரிது.

ஆனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் டாக் ஃபர்லாங் வந்தார். வெக்ஸ்ஃபோர்டில் விவசாயக் குடும்பம், நியூ ராஸ் கிளப். மூன்று லயன்ஸ் சுற்றுப்பயணங்களிலும் டெஸ்ட் ஆடிய ப்ராப். கார்லோவின் டல்லோ ஊர்க்காரர் ஷான் ஓ'பிரையன் 2011-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்வானார். இவர்களைக் காட்டி, பாருங்கள், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு குறைந்த உதவியோடு இப்படி இரண்டு பேர் வந்தார்கள் என்றால், யார் கண்ணிலும் படாமல் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ஒரு சம்பளத்தில் கிராமத்துக் கிளப்புகளுக்கு எத்தனை கோச்களை முழுநேரமாகப் போடலாம் என்று நீங்கள் கேட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

கண்ணில் பட்ட பிறகும் தவறவிடுவது உண்டு. டாக் பேர்ன் கிளாங்கோஸில் படித்தவர், லென்ஸ்டர் அகாடமிக்குள்ளும் போனார். 2016-ல் ஒப்பந்தம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேல்ஸுக்குப் போய் ஸ்கார்லெட்ஸில் சேர்ந்தார், முதல் சீசனிலேயே பட்டம். பிறகு மன்ஸ்டர், அயர்லாந்து, லயன்ஸ். 2025-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த லயன்ஸ் டெஸ்ட் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். லென்ஸ்டரில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. நல்ல ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் மெதுவாக முதிர்கிறவனுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் இது முக்கியம். முன்வரிசை ஆட்டக்காரன் தாமதமாகத்தான் பழுப்பான். இரு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து தள்ளும் ஸ்க்ரம்மில் எதிராளியின் எடையைத் தோளில் வாங்கி, கால் எங்கே ஊன்ற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று உடம்பு தானாகக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும். நல்ல ப்ராப்புகள் பலர் 25 வயதுக்குப் பிறகுதான் முழு ஆளாகிறார்கள். பதினைந்து வயதில் மீசை முளைத்த பெரிய பையன் சின்னவர்களைத் தள்ளிவிட்டு ஓடுவதைப் பார்த்து யாரும் எதையும் முடிவுசெய்யக் கூடாது. உங்கள் பையன் அந்தப் பெரியவனாக இருந்தாலும் சரி, தள்ளிவிடப்படுகிறவனாக இருந்தாலும் சரி.

பள்ளி மாற்றுவதா? படிப்புக்காகவும் அவன் விருப்பத்துக்காகவும் என்றால் மாற்றுங்கள். ரக்பிக்காக மட்டும் என்றால் நான் மாற்றமாட்டேன். அங்கே போனால் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிகளிலேயே முதல் அணிக்கு வராமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் நிறைய. இந்த வயதில் அவனுக்கு வேண்டியது வாராவாரம் ஆட்டம். பள்ளி அணிகளில் இல்லாத கிளப் பையன்களுக்காக ஷேன் ஹோர்கன் கோப்பை என்று லென்ஸ்டர் நடத்தும் போட்டி இருக்கிறது. வட்டார அணிகள் மோதும். ஹோர்கனும் பள்ளி வழி வராமல் ட்ரொஹெடா பக்கத்துக் கிளப்பிலிருந்து வந்து அயர்லாந்துக்கு ஆடியவர்தான். உங்கள் வட்டார அணிக்கு எப்போது தேர்வு நடக்கிறது என்று கிளப் கோச்சிடம் இந்த வாரமே கேளுங்கள். கூடவே, ஸ்க்ரம் சொல்லித்தர முன்வரிசையில் ஆடிய ஒருவர் கிளப்பில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், அப்படி ஒருவர் இருக்கும் பக்கத்துக் கிளப்புக்கு மாற்றுங்கள். பள்ளியை மாற்றுவதைவிடச் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

அன்புடன்.