கடைமடைப் பதிப்பாளரிடம் கேளுங்கள்: புத்தகத் தொழிலும் அதற்கொரு சங்கமும்

கும்பகோணத்தில் ஒரு புத்தகக் கடையும் அதன் பின்கட்டில் ஒரு சின்னப் பதிப்பகமும் 19 வருஷமாக நடத்துகிறேன். சங்க உறுப்பினர், பொறுப்பில் இருந்ததில்லை. பதிப்பாளர் சங்கம் எதற்கு, அதனால் யாருக்கு என்ன என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

சங்கம் என்றால் தை மாதம் சென்னையில் கண்காட்சி போடுவதுதானே? மற்ற பதினோரு மாதம் என்ன வேலை? (மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்)

ஐயா, கண்காட்சிதான் கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதனால் அப்படித் தோன்றுவது இயற்கை. பபாசி என்று நாம் சொல்கிற தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1976-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் முதல் கண்காட்சி, மொத்தம் 22 கடைகள். இன்றைக்கு நந்தனத்தில் ஒரு வரிசையை முடிப்பதற்குள் கால் வலிக்கிறது. அந்த 22 பேரும் தனித்தனியாகப் பந்தல் போட்டிருந்தால் ஒருத்தரும் கூட்டம் சேர்த்திருக்க மாட்டார்கள் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மற்ற மாதங்களில் நடப்பது பெரும்பாலும் மனு கொடுப்பது, மறுபடியும் மனு கொடுப்பது, அமைச்சரைப் பார்க்கக் காத்திருப்பது. நூலக ஆணை (பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் உத்தரவு) ஏன் தள்ளிப்போகிறது, காகித விலை ஏன் ஏறுகிறது, வரியில் ஏதாவது செய்ய முடியுமா, இதையெல்லாம் நான் ஒருத்தன் கும்பகோணத்திலிருந்து கடிதம் எழுதினால் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது. சங்கத்தின் லெட்டர்பேடில் போனால் குறைந்தது ஒரு எண் போட்டுக் கோப்பில் வைப்பார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கிறதா என்றால் இல்லை. கேட்கிற குரல் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 2007 கண்காட்சியைத் தொடங்கி வைக்க வந்த நம்ம திருக்குவளைக்காரர், அன்றைய முதல்வர் கலைஞர், சொந்தப் பணம் 1 கோடி ரூபாயைச் சங்கத்திடம் கொடுத்தார். அதன் வட்டியில்தான் வருஷாவருஷம் எழுத்தாளர்களுக்குப் பொற்கிழி வழங்குகிறார்கள். அமைப்பு என்று ஒன்று இருந்ததால்தான் அந்தப் பணத்தை வாங்கி வைத்து நடத்த ஓர் இடம் இருந்தது.

என் கவிதைத் தொகுப்பை நானே அச்சிட்டிருக்கிறேன், 300 பிரதி. சங்கத்தில் சேரலாமா? (மன்னார்குடி, பள்ளி ஆசிரியை)

டீச்சர், அது எழுத்தாளர் சங்கம் இல்லை. பதிப்பையோ விற்பனையையோ தொழிலாகச் செய்கிறவர்களுக்கானது. ஒரே ஒரு நூலுக்காகச் சேர நினைப்பது ஒரு மூட்டை நெல்லுக்கு அரவை மில் வைப்பது மாதிரி. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒரு பதிப்பாளரிடம் 50 பிரதி கொடுத்து வையுங்கள், விற்றால் பணம், விற்காவிட்டால் பிரதி திரும்ப என்று எழுதி வாங்கிக்கொண்டு. எழுதி வாங்குவது முக்கியம். நானே ஆரம்பத்தில் ஒரு கடையை நம்பி 80 பிரதியை வாய் வார்த்தையில் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டபோது கரையான் அரித்த 11 பிரதியைக் காட்டினார்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாரோ 3,000 ரூபாய் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். இந்தியாவில் அது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை வழங்குகிறது, இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

புத்தகத்துக்குத்தான் ஜிஎஸ்டி இல்லையே, பதிப்பாளர்கள் ஏன் வரி வரி என்று புலம்புகிறீர்கள்? (பட்டுக்கோட்டை, கணக்கு எழுதுகிறவர்)

நீங்களே கணக்குக்காரர், அதனால் நேராகச் சொல்கிறேன். விற்கிற நூலுக்கு வரி இல்லை. ஆனால் அதற்குள் போகிற எல்லாவற்றுக்கும் வரி உண்டு. அச்சகத்தாரே காகிதம் போட்டு அடித்துக் கொடுத்தால் 18 சதவீதம். காகிதத்தை நாமே வாங்கிக் கொடுத்தால் அச்சுக்கூலிக்கு 5 தான், ஆனால் காகிதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22-ல் வந்த மாற்றத்தில் நோட்டுப் புத்தகக் காகிதத்துக்கு வரியை எடுத்தார்கள், நம்முடைய அச்சுக் காகிதத்துக்கோ 12 லிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். எழுத்தாளருக்குக் கொடுக்கிற ராயல்டிக்கும் 18, அதுவும் பெரும்பாலும் பதிப்பாளர் தலையில். சரி, கட்டியதைக் கழித்துக்கொள்ளலாமா என்றால், விற்கிற பொருளுக்கு வரி இல்லாததால் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. கட்டியது கட்டியதுதான்.

கையில் ஒரு நூலை வைத்துப் பார்ப்போம். 160 பக்கம், விலை 200 ரூபாய். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு, 70 போயிற்று. ராயல்டி 10 சதவீதம், 20 போயிற்று. மீதி 110 ரூபாயில் காகிதம், அச்சு, ரேப்பர், பைண்டிங், பிழை திருத்தியவர் கூலி, கடை வாடகை, அப்புறம் விற்காமல் அட்டைப்பெட்டியில் தூங்குகிற பிரதிகளின் செலவு. இந்த 110-க்குள்தான் அந்த வரியும் உட்கார்ந்திருக்கிறது. நூலுக்கு ‘வரி விலக்கு’ என்று இருப்பதைப் ‘பூஜ்ய வரி’ என்று மாற்றி, உள்ளே கட்டியதைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் இந்தியா முழுக்கப் பதிப்பாளர் அமைப்புகள் கேட்டுக்கொண்டிருப்பது. நியாயமான கோரிக்கை, இன்னும் நடக்கவில்லை.

காகிதப் பஞ்சம் நம்ம பக்கத்துக்குப் புதிதும் இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, காகிதம் போதாமல் எழுத்தைச் சின்னதாக வார்த்தார்கள், அதுவும் போதாமல் பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு மனு கொடுக்கச் சங்கம் இல்லை, பாவம்.

புத்தகத்தின் பிடிஎஃப் குழுவில் வந்தால் படிப்பது தப்பா? காசில்லாதவன் என்ன செய்வான்? (திருவாரூர், கல்லூரி மாணவர்)

தம்பி, கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது, பரவாயில்லை. நாட்டுடைமை ஆன நூல், அல்லது எழுதியவர் இறந்து 60 வருஷம் தாண்டிய நூல் என்றால் தாராளமாகப் படி, பகிர். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் போன மாதம் வந்த நாவலை ஒருத்தர் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து 2,000 பேருக்கு அனுப்புகிறார் என்றால் அது திருட்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். சங்கம் இதில் செய்வது, பாதிக்கப்பட்டவர்களைச் சேர்த்துப் புகார் கொடுக்க வைப்பது. ஒரு குழுவை மூடினால் அடுத்த குழு முளைக்கிறது என்பதும் உண்மை, வாய்க்காலில் ஆகாயத்தாமரை எடுக்கிற கதைதான்.

ஆனால் பதிப்பாளர் பக்கமே எப்போதும் நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். டில்லி பல்கலைக்கழகத்தில் ஒரு நகலகம் பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்து விற்றதென்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016-ல் டில்லி உயர் நீதிமன்றம் கல்விக்காகப் படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று சொல்லிவிட்டது, பதிப்பகங்கள் அடுத்த வருஷம் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. என்னைக் கேட்டால் சரியான தீர்ப்பு. பாடத்துக்கு நாலு அத்தியாயம் ஜெராக்ஸ் எடுக்கிற பையனால் எந்தப் பதிப்பகமும் மூழ்கவில்லை.

காசில்லையா? நூலகத்துக்குப் போ. அங்கே இல்லையென்றால் வேண்டும் என்று எழுதிக் கொடு. அது எங்களுக்கும் உதவி.

நூலக ஆணை கிடைத்தால்தான் பதிப்பகம் பிழைக்கும் என்கிறார்களே? (சீர்காழி, ஓய்வுபெற்ற நூலகர்)

நீங்கள் என்னைவிட அறிந்தவர், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் ஊர்க்காரர், இந்திய நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் போராடி வந்த 1948 பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. நீங்களும் நானும் வீட்டு வரி கட்டும்போதே புத்தகத்துக்கும் கட்டிவிடுகிறோம். அதற்கும் முன்னால், 1931-லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணில் இன்று சில கிளை நூலகங்களில் மின்விசிறி சுற்றாததைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆணை கிடைத்தால் ஒரு நூலுக்குப் போட்ட முதல் ஒரே தவணையில் திரும்பும், அதனால்தான் அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது கெட்ட பழக்கம் என்றும் நினைக்கிறேன். ஆணைக்காகவே புத்தகம் போடுகிறவர்கள் உண்டு, அந்த நூலை ஒரு வாசகனும் தேடி வர மாட்டான். 2024-ல் அரசு வெளிப்படையான கொள்முதல் கொள்கை என்று இணையவழிக்கு மாற்றியிருக்கிறது, சென்னைக்கு நடையாய் நடக்காமல் இங்கிருந்தே நூலைப் பதியலாம். பணம் வருவது எப்போதும் போல மேட்டூர் தண்ணீர்தான். ஜூன் 12-ல் திறந்துவிட்டதாகப் பத்திரிகையில் படம் வரும், கடைமடைக்கு வருகிறபோது வரட்டும்.

தபாலில் புத்தகம் அனுப்பினால் புத்தக விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிறது. யாராவது கேட்டார்களா? (திருத்துறைப்பூண்டி)

கேட்டார்கள். பதிவுப் புத்தக அஞ்சல் என்று குறைந்த கட்டணத்தில் ஒன்று இருந்ததே, அதை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை திடீரென்று நிறுத்தியது. என்னிடம் அன்றைக்குக் கட்டி வைத்த 14 பார்சல் இருந்தது. கவுன்டரில் இருந்த அம்மா கணினியில் அந்த வரியே இல்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினார். நாடு முழுக்கப் பதிப்பாளர்கள் சத்தம் போட்டார்கள். 2025 மே மாதத்திலிருந்து ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். பழைய கட்டணம் இல்லை, ஆனாலும் கூரியருக்கு எவ்வளவோ மேல். கவுன்டரில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வதில்லை.

மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா வந்தபின் உள்ளூர்க் கடைக்கு வியாபாரம் படுத்துவிட்டது. சங்கம் யாருக்காக? (நாகப்பட்டினம், புத்தகக் கடைக்காரர்)

அண்ணே, இதற்குத்தான் பதில் எழுதத் தயங்கினேன். 2022-க்குப் பிறகு அரசும் சங்கமும் சேர்ந்து மாவட்டந்தோறும் நடத்துகிறார்கள். சென்னையிலிருந்து 60, 70 பதிப்பகம் லாரியோடு வந்து பத்து நாள் 10 சதவீதக் கழிவில் விற்றுவிட்டுப் போனால், அடுத்த மூன்று மாதம் நம்ம கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதே சமயம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து எடுத்த சில்லறையோடு வரிசையில் நிற்பதை நான் திருவிழாவில்தான் பார்த்தேன். என் கடைக்கு அப்படி ஒரு பிள்ளை வந்ததில்லை.

உள்ளூர்க் கடைக்கு முன்வரிசையில் வாடகையில்லாமல் ஓர் அரங்கு, திருவிழா முடிந்தபின் மிச்சப் பிரதிகளை அதே கழிவில் உள்ளூர்க் கடைகளிலேயே விட்டுப் போவது, இந்த இரண்டையும் சங்கம் நிபந்தனையாக வைக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் ஒரு தடவை எழுந்து சொன்னேன். கை தட்டினார்கள், தீர்மானமாகவில்லை. டெல்டாவிலிருந்து அன்றைக்கு வந்திருந்தவர்கள் நாலே பேர், அதில் இருவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்கள். தலைமடைக்காரன் எல்லாத் தண்ணியையும் எடுத்துக்கிறான் என்று திண்ணையில் பேசுகிறோம், முறை கேட்க வேண்டிய நாளில் போவதில்லை. நீங்களும் உறுப்பினர்தானே, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், ஒரே வண்டியில் போவோம்.

புத்தகத் திருவிழாவில் முதல் தடவை கடை போடுகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்? (திருவையாறு)

புது நூல் 30 பிரதி, பழையது பத்துப் பத்து. பத்து ரூபாய்த் தாள் ஒரு கட்டு, ஏனென்றால் கூட்டம் சேர்ந்தால் சிக்னல் செத்துவிடும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். கார்பன் வைத்த பில் புக் இரண்டு. அப்புறம் கட்டாயம் தார்ப்பாய். ஒரு ஊரில் ராத்திரி மழையில் பந்தல் மேல் தொந்தி மாதிரித் தேங்கிய தண்ணீரை யாரோ கொம்பால் முட்டித் தள்ள, மொத்தமும் என் கடையில் கொட்டியது. சிறுவர் நூல் 40 பிரதி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் தன் தார்ப்பாயில் பாதியை என் பக்கம் இழுத்துக் கட்டினார். அந்தத் தார்ப்பாயை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.