ரோடியோவையே தொழிலாகக் கொண்ட பெண்கள் உண்டா?

உண்டு. ரோடியோ என்றால் அமெரிக்க கௌபாய்களின் குதிரை, மாட்டு விளையாட்டுப் போட்டி. நான் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: சார்மேன் ஜேம்ஸ், நியூ மெக்சிகோவின் கிளேட்டன் ஊர்க்காரர். அவருடைய ஓர் ஓட்டத்தை யூடியூபில் தற்செயலாகப் பார்த்துத்தான் எனக்கே இந்தப் பைத்தியம் பிடித்தது.

அவருடைய ஆட்டம் பேரல் ரேசிங். மைதானத்தில் முக்கோணமாக மூன்று பீப்பாய்கள் நிற்கும். குதிரையில் பாய்ந்து வந்து மூன்றையும் சுற்றிவிட்டு வந்த வழியே வெளியேற வேண்டும். பீப்பாய் சாய்ந்தால் 5 விநாடி அபராதம். விநாடியில் நூறில் ஒரு பங்குக்குப் போட்டி நடக்கும் இடத்தில், 5 விநாடி என்றால் அன்றைய பரிசுப் பணம் போச்சு என்று அர்த்தம். ரோடியோவின் இன்னோர் ஆட்டமான, துள்ளும் குதிரை மீது விழாமல் உட்காரும் போட்டியிலும் பெண்கள் ஒரு காலத்தில் இறங்கினார்கள். 1929இல் பெண்டில்டன் ரோடியோவில் பானி மெக்கரோல் என்ற வீராங்கனை அடிபட்டு இறந்தபின் அது மெல்ல மெல்ல நின்றுபோனது. ரோடியோவில் பெண்களுக்கு இடம் சுருங்கிப்போனதால், 1948இல் டெக்சஸில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்க வேண்டியிருந்தது.

சரி, சார்மேனுக்கு வருவோம். ஸ்கேம்பர் என்ற குதிரையை 1,100 டாலருக்கு வாங்கினார்கள். ஏறியவர்களைக் கீழே தள்ளும் முரட்டுக் குதிரை. அதை வைத்துக்கொண்டு 1984இல் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 14. நம்மூர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு! அதிலிருந்து 1993 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் பத்துப் பட்டங்கள், அத்தனையும் ஸ்கேம்பர் மீது.

நான் பார்த்த ஓட்டம் 1985 தேசிய ரோடியோ இறுதிப் போட்டியின் ஏழாவது சுற்று, லாஸ் வேகாஸில் நடந்தது. ஓடும்போதே கடிவாளம் கழன்றுவிட்டது. குதிரையைத் திருப்பவோ நிறுத்தவோ கையில் பிடிமானம் இல்லை. ஆனாலும் ஸ்கேம்பர் பாட்டுக்குச் சுற்றி முடித்து, அந்தச் சுற்றையே ஜெயித்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இறுதிப் போட்டியில் யார் முதுகில் எந்த எண் என்பது அந்த ஆண்டு சம்பாதித்த பணத்தைப் பொறுத்தது; அதிகம் சம்பாதித்தவருக்கு 1ஆம் எண். 1987இல் 1ஆம் எண் சார்மேனுக்கு. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. 1990இல் பேரல் ரேசிங்கில் பத்து லட்சம் டாலர் ஈட்டிய முதல் ஆள் ஆனார்.

கடிவாளமே இல்லாமல் ஜெயிக்கும் குதிரை கிடைத்தால் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள் என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஸ்கேம்பர் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, 2002இல், க்ரூஸர் என்ற வேறொரு குதிரையில் வந்து பதினோராவது பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.