அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து கோச்: கேட்டதும் சொன்னதும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோச் இல்லை. அமெரிக்காவில் படித்தபோது ஒரு சின்னக் கல்லூரி அணியில் இரண்டு சீசன் மாணவ மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றால் துண்டு, தண்ணீர், வீடியோ, அவ்வளவுதான். பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததையும், அதற்குப் பிறகு விடாமல் படித்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், பெரிய அணியில் ஆடாதவன் கோச் ஆக முடியுமா?

முடியும். பிராட் ஸ்டீவன்ஸ் பெயர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரியில் ஆடியவர். எலை லில்லி மருந்து கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தார். 2000இல் அதை உதறிவிட்டு பட்லர் பல்கலைக்கழக அணியில் கூடமாட வேலை செய்யப் போனார். 2007இல் அதே அணிக்குத் தலைமை கோச் ஆனார், அப்போது வயது 30. 2010, 2011 இரண்டு வருடமும் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம், இரண்டிலும் தோல்வி. 2010இல் டியூக் பல்கலைக்கழகத்திடம் தோற்றது 61-59 என்று. கடைசி நொடியில் பாதி ஆடுகளத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது.

முதல் படி பெரும்பாலும் வீடியோ அறைதான். எதிரணிப் பையன் ஒருவன் பந்தை எப்போதும் இடது பக்கமாகவே கொண்டுபோகிறான் என்று கண்டுபிடிக்க, மூன்று ஆட்டங்களை இரவு இரண்டு மணி வரை ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் உதவி கோச் அதை எங்கள் ஆட்டக்காரரிடம், ‘அவனை வலது பக்கம் தள்ளு’ என்று சொல்லி முடித்துவிட்டார். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை! ஆனால் அந்தப் பையன் அன்று இரண்டு கூடைதான் போட்டான்.

கேள்வி: சம்பளம் கோடிகளில் என்கிறார்களே?

உச்சியில் இருப்பவர்களுக்கு அப்படித்தான். பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அல்லது கூடைப்பந்து கோச். அடித்தட்டு வேறு கதை. 1992இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, உதவி கோச்களில் ஒரு பதவிக்கு வருடத்துக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதியே போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1999இல் என்சிஏஏ 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் ஆனது. இளம் கோச்களின் உழைப்பை மலிவாக உறிஞ்சும் பழக்கம் மட்டும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஆரம்பத்திலேயே தோற்றுக்கொண்டிருந்தால் வேலை போய்விடுமா?

இன்று பெரிய இடத்தில் என்றால் பெரும்பாலும் போய்விடும். அன்று போகவில்லை. மைக் ஷெஷெவ்ஸ்கியை டியூக் 1980இல் எடுத்தபோது, அவர் அதற்கு முந்தைய சீசனில் ராணுவ அகாடமி அணியுடன் ஜெயித்தது 9, தோற்றது 17. டியூக்கில் முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. மூன்றாவது சீசனின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியா 109-66 என்று சாத்தியது. ‘ஆளை மாற்று’ என்று நன்கொடையாளர்கள் குதித்தார்கள், ஆனால் விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை. 2022இல் ஓய்வு பெற்றபோது ஷெஷெவ்ஸ்கியின் கணக்கில் 1,202 வெற்றிகள், 5 சாம்பியன் பட்டங்கள்.

நார்த் கரோலினா பல்கலைக்கழக கோச் டீன் ஸ்மித்துக்கு 1965இல் அங்கத்திய மாணவர்களே உருவபொம்மை கட்டித் தொங்கவிட்டார்கள். தோற்றுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தவர் கண்ணெதிரே அது ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர் பில்லி கன்னிங்ஹாம் இறங்கி ஓடி அதைப் பிடுங்கிப் போட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தின் அரங்குக்கு இன்று ஸ்மித்தின் பெயர்தான். பத்து பட்டம் வாங்கிய கோச் ஜான் வுடனுக்கும் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் வந்தது 16ஆவது சீசனில். இந்தக் கதைகளை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அன்று கிடைத்த அவகாசம் இன்று யாருக்கும் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கேள்வி: வுடன் ஆட்டக்காரர்களுக்கு சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுத்தாராமே, உண்மையா?

உண்மைதான். சீசனின் முதல் நாளே சுருக்கமில்லாமல் சாக்ஸ் இழுப்பதையும் ஷூ கயிறு கட்டுவதையும் காட்டுவார். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு.

கேள்வி: என் மகளுக்கு கோச் ஆக ஆசை. பெண்களுக்கு இதில் இடம் உண்டா?

உண்டு அம்மா, அந்த இடத்தை உண்டாக்கியவர்களில் பேட் சம்மிட் முக்கியமானவர். 1974இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு உதவியாளராகப் போனார். இருந்த கோச் திடீரென்று விலக, 22 வயதில் தலைமைப் பொறுப்பு தலையில் விழுந்தது. அணியில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். மாதம் 250 டாலர். சீருடையைத் துவைத்ததும் அவர், வேனை ஓட்டியதும் அவர். 38 சீசனில் 1,098 வெற்றிகள், 8 பட்டங்கள். 2011இல் அல்சைமர் நோய் என்று தெரிந்தபிறகும் இன்னொரு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தார். இப்போது டான் ஸ்டேலியைப் பார்க்கச் சொல்லுங்கள். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கோச் ஆனபோது அவர் தொழில்முறை ஆட்டத்தையே விடவில்லை. இன்று சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மூன்று பட்டம் வாங்கிக்கொடுத்திருக்கிறார்.

கேள்வி: நன்றாக இருக்கும்போதே சிலர் ஏன் விலகிவிடுகிறார்கள்?

வேலையே மாறிவிட்டது. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல். 2021இல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025இலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். பையன்களுக்கு இது நியாயம்தான், பல வருடம் அவர்களை வைத்து மற்றவர்கள்தான் சம்பாதித்தார்கள். ஆனால் கோச்சுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி அணி காலியாகலாம். சீசனில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. மீதி நேரமெல்லாம் போனில் ஆள் பிடிப்பதும் பேரம் பேசுவதும். 2019இல் பட்டம் வென்ற வர்ஜீனியாவின் டோனி பென்னெட், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, இந்தச் சூழலுக்குத் தான் பொருத்தமான ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார்.

கேள்வி: கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நேஸ்மித் கோச்சாக எப்படி?

கான்சஸ் பல்கலைக்கழகத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் கோச்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவர் அவர் ஒருவர்தான். அங்கே அரங்குக்கு அவருடைய சீடர் ஃபாக் ஆலன் பெயர். உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்கு மட்டும் நேஸ்மித் பெயர்.