குளிர் ஊரில் ரிவர்ஸ் எடுக்க: கேமராவா, சென்சாரா?

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர், ஊர்ப்பெயரோடு வந்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஹாரிஸ்மித்: அண்ணா, ஜூலையில் விடிகாலை வண்டியெல்லாம் உறைபனி. பாக்கி (பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்கப்) வண்டிக்கு எதைப் போடலாம்?

கேமரா போடுங்கள் தம்பி. சென்சார் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. அதன் முகத்தில் பனி படிந்தால் ஓயாமல் கத்தும், இல்லையென்றால் வாயே திறக்காது. இந்த இரண்டாவதுதான் ஆபத்து. சத்தமில்லை, பின்னால் ஒன்றுமில்லை என்று நம்பி எடுத்துவிடுவீர்கள். கேமராவில் பனி படிந்தால் திரை மங்கும், உடனே தெரிந்துவிடும். அப்புறம், பின்னால் ட்ரெய்லர் இழுக்கும் டோ பார் இருந்தால் அதையே தடை என்று நினைத்துக் கத்தும் சென்சார்களும் உண்டு. எதைப் போட்டாலும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெனோனி: குளிரில் ஒலி மெதுவாகப் போகுமாமே?

20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர், 0 டிகிரியில் 331. திருத்தமே செய்யாத சென்சார்கூட ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான் கூட்டிக் காட்டும். அதை விடுங்கள், முகத்தைத் துடையுங்கள்.

டர்பன்: எங்களுக்கு எது அண்ணா?

டர்பனில் ஏது பனி? உப்புக்காற்றுக்கு நீர் புகாத கனெக்டராகப் பார்த்துப் போடுங்கள்.

டர்பன், மறுபடியும்: 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை மூடியதே, அப்படி மாட்டினால்?

சரி, நியாயமான கேள்விதான். புதுப்பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் பனி குவிந்திருந்தாலும் சென்சார் சும்மா இருக்கலாம். கேமராவில் பார்க்கலாம், துடைத்திருந்தால்.

சாட்ஸ்வொர்த்: என் அப்பா நாற்பது வருடம் கழுத்தைத் திருப்பித்தான் ஓட்டினார். எல்லாம் தண்டச் செலவு.

பின்தட்டுக்கு மேல் கேனோபி என்ற கூடு மாட்டிய பாக்கியில் கழுத்தைத் திருப்பினால் என்ன தெரியும்? டெயில்கேட்டுக்கு (பின்கதவுக்கு) கீழே நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை தெரியுமா? அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்களுக்குப் பின்கேமரா கட்டாயம். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது பிள்ளைகள் அடிபட்டதால் வந்த சட்டம் அது.

சாட்ஸ்வொர்த்: அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு? கேமரா வைத்தவன் திரையையே முறைத்துக்கொண்டிருப்பான், பக்கவாட்டில் வருகிறவனைப் பார்க்க மாட்டான்.

அது உண்மை. திரையையும் பாருங்கள், கழுத்தையும் திருப்புங்கள். இரண்டில் ஒன்று போதும் என்று நான் எங்கே சொன்னேன்?

லெனேசியா: சாட்ஸ்வொர்த் அண்ணனுக்கு ஒன்று. உங்கள் அப்பா காலத்தில் வாசலில் ஒரு வண்டி நின்றது. இப்போது மூன்று நிற்கின்றன.

நன்றாகச் சொன்னீர்கள் அக்கா.

பெத்லகேம்: லென்ஸில் ஐஸ். வெந்நீர் ஊற்றலாமா?

கூடாது. கண்ணாடி விரிசல் விடும், சீல் போகும், ஊற்றிய தண்ணீரும் உறையும். ஐஸ் நீக்கும் ஸ்ப்ரே, மெத்தென்ற துணி போதும்.

கிம்பர்லி: கேமராவா, சென்சாரா?

முதல் பதிலைப் படியுங்கள்.

எர்மெலோ: வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர்?

துணி, ஐயா. துணி.

ஹாரிஸ்மித்: பம்பருக்குள் ஒட்டும் மின்காந்தப் பட்டை சென்சார் எப்படி?

பிளாஸ்டிக் பம்பருக்கு நல்லது. உள்ளே இருப்பதால் பனி படியாது. ஆனால் வண்டி நகரும்போதுதான் வேலை செய்யும். உங்கள் பாக்கிக்கு இரும்பு பம்பர் என்றால் ஒட்டிப் பயனில்லை.