கேள்வி–பதில்: இரவிலும் தணியாத தளத்துச் சூடு

கேள்வி: மேல்மாடி வீட்டில் குடியிருக்கிறோம். பகலைவிட முன்னிரவில்தான் படுக்கையறை தகிக்கிறது. மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றியும் பெரிய பலனில்லை. ஏ.சி. வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்யலாம்?

பதில்: கான்கிரீட் தளம் உச்சி வெயிலை உள்வாங்கினாலும், அந்தச் சூடு அதன் கனத்தைக் கடந்து அறைக்குள் இறங்கப் பல மணி நேரம் ஆகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரவு எட்டு மணிக்கு முக்காலியில் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மாலையில் ஊற்றும் தண்ணீர் தளத்தின் மேற்பரப்பை ஓரளவு தணிக்குமே தவிர, நண்பகலிலேயே உள்ளே போய்விட்ட சூட்டை முழுவதுமாகத் திரும்ப எடுத்துவிடாது. ஆகவே, வெயில் தளத்தில் ஏறாமல் தடுப்பதுதான் முதல் வேலை.

அதற்கு மிக மலிவான வழி வெள்ளையடிப்பது. சாம்பல் நிற சிமெண்ட் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு ஏறத்தாழ 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும். தூசி படியப் படியப் பூச்சின் பலன் குறையும் என்பதால், ஒவ்வொரு கோடைக்கு முன்பும் ஒருமுறை கழுவிவிடுவது நல்லது. நிழல்வலை கட்டுவதானால், அதைத் தளத்தில் படியவிடாமல், அடியில் காற்று ஓடும்படி உயர்த்திக் கட்டுங்கள். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். செலவு குறைவு என்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பகலில் காற்றோட்டத்துக்காக எல்லா ஜன்னல்களையும் திறந்து வைக்கிறோம். கனமான திரைச்சீலையும் போட்டிருக்கிறோம். அப்படியும் சூடு குறையவில்லையே?

பதில்: வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறப்பது, அனலை வருந்தி அழைப்பதாகும். வெயில் ஏறத் தொடங்கியதும் அடைத்துவிட்டு, வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்றே அசையாத இரவுகளில், மேசை விசிறியை ஒரு ஜன்னலில் வெளிப்புறம் பார்த்தபடி வைத்தால், அது உள்ளேயுள்ள சூட்டை வெளியே தள்ள, மற்றொரு ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று நுழையும்.

திரைச்சீலையைப் பொறுத்தவரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் அது மறிக்கிறது. சூடேறிய சீலை அந்தச் சூட்டை அறையிலேயே விட்டுவிடுகிறது. அதே மறைப்பை, ஒரு பழைய பாயாக இருந்தாலும், ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் பலன் பல மடங்கு கூடும். மேற்குப் பக்கத்துக்கு இது மிகவும் அவசியம். மாலை வெயில் சாய்ந்து விழுவதால் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு அங்கே உதவாது.

கேள்வி: ஜன்னலில் ஈரத் துணி கட்டலாமா?

பதில்: உங்கள் ஊர்க் காற்று வறண்டதாக இருந்தால் தாராளமாகக் கட்டலாம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் வேண்டாம். துணியும் காயாது, உடம்பு வியர்வையும் காயாது, புழுக்கம்தான் மிஞ்சும். அத்தகைய ஊர்களில் மின்விசிறியே போதும். ஆனால் அது நம் உடம்பைக் குளிர்விக்கிறதே தவிர அறையைக் குளிர்விப்பதில்லை என்பதால், ஆளில்லாத அறையில் அதை ஓடவிடாதீர்கள்.