நாலு பேர், ஒரே சி மைனர்

வணக்கம் அக்கா,

பியானோவில், பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் தேர்வு வாரியம் தரும் ஏஆர்எஸ்எம் டிப்ளமோவுக்குத் தயாராகிறேன். 30 நிமிடம் வாசிக்க வேண்டும். பாக்கின் சி மைனர் ப்ரெல்யூட்-ஃப்யூக் (‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’ முதல் தொகுதி), பீத்தோவனின் ‘பதேத்திக்’ சொனாட்டா, சோபினின் சி மைனர் நாக்டர்ன் (ஓபஸ் 48), ராக்மனினாஃபின் சி ஷார்ப் மைனர் ப்ரெல்யூட். நாலு காலகட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் சமநிலை இல்லை என்கிறார் என் ஆசிரியர். ஏன்?

வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் உங்கள் ஆசிரியர் கட்சி. இசையமைப்பாளர்கள் பிறந்த வருஷத்தைப் பார்த்து நீங்கள் ஆள் எடுத்திருக்கிறீர்கள். காதில் விழுவதோ இருண்ட சாயலுள்ள மைனர் ஸ்வரவரிசைதான்: மூன்று சி மைனர், நாலாவது அதற்கு அரை ஸ்வரம் மேலே. பதேத்திக்கின் மெதுவான நடுப்பாகத்தையும் நாக்டர்னின் நடுவே வரும் சி மேஜரையும் விட்டால் வெயிலே கிடையாது.

கைக்கும் ஓய்வில்லை. பதேத்திக்கில் வேகம் பிடித்ததும் இடது கை ஆக்டேவில் (எட்டு ஸ்வர இடைவெளியில்) அதிர்ந்துகொண்டே இருக்கும். மணிக்கட்டு கொஞ்சம் இறுகினால் போதும், முழங்கை வரை வலி ஏறிவிடும். அதே கையோடு நாக்டர்னின் நடுப்பகுதி ஆக்டேவுகள், அப்புறம் ராக்மனினாஃபின் கனத்த கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது). உங்களால் சத்தமாக வாசிக்க முடியும் என்பது தேர்வாளருக்கு எட்டாவது நிமிடமே தெரிந்துவிடும். மிச்ச நேரம் அவருக்கு எதைக் காட்டுவீர்கள்?

நேரமும் இடிக்கிறது. பதேத்திக்கே 18, 19 நிமிடம். மொத்தம் 30 தாண்டும்.

பதேத்திக் உங்கள் செல்லம் போலிருக்கிறது, இருக்கட்டும். நாக்டர்னையும் ராக்மனினாஃபையும் எடுத்துவிடுங்கள். (ராக்மனினாஃபே அந்த ப்ரெல்யூடைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்தான்.) பாக்கில் சி மைனருக்குப் பதில் அதே தொகுதியின் டி மேஜர் ப்ரெல்யூட்-ஃப்யூக். கடைசியில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள், 1915இல் எழுதியது. ஆறு குட்டி நடனங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது நடனத்தில் இடது கை அசையாமல் நிற்க, மேலே குழல் மாதிரி ஒரு மெட்டு மட்டும் கேட்கும். பதேத்திக்கின் ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு அது தனி சுகம். குறைந்தது 20 நிமிடம் பாடத்திட்டப் பட்டியலிலிருந்து வர வேண்டும், அதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலவரிசைப்படி வாசிக்க வேண்டியதில்லை. நானாக இருந்தால் பதேத்திக்கில்தான் தொடங்குவேன். அந்த முதல் கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒலி தேயத் தேயக் கேட்டாலே பழக்கமில்லாத பியானோ எப்படிப்பட்டது என்று பிடிபட்டுவிடும். டி மேஜர் ப்ரெல்யூடில் அந்த அவகாசம் இல்லை, வலது கை எடுத்த எடுப்பிலேயே ஓட வேண்டும்.

பதேத்திக்கின் முதல் பாகத்தில் ரிப்பீட் (குறித்த பகுதியை மறுபடி வாசிப்பது) வாசிப்பதா இல்லையா என்று இன்றே முடிவு செய்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துக் கடிகாரம் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கும் நேரமும் கணக்கில் சேரட்டும்.